சீழ் பிடிக்காத தொப்புள்

பிரசவமான வீடுகளுக்குப் போய்த் தாயையும் பிள்ளையையும் பார்த்துவரும் அரசாங்க நர்ஸ் தெசாங்கா. வீட்டில் சொல்வதை அப்படியே நம்பக் கூடாது என்பது அவளுடைய இருபது வருட அனுபவம். திமோக் ஆற்றங்கரையில் இருந்த வீதாவின் வீட்டை அவள் கொஞ்சம்கூட நம்பவில்லை. மூன்று வருடத்துக்கு முன் மூத்தவன் லாசார் செத்தபோது, 'தாயின் அலட்சியம்' என்று எழுதியவளே அவள்தான்.

இப்போது இளையவன் ஒக்னியென். பிறந்து முப்பத்தாறு நாள். பத்து நாளில் விழவேண்டிய தொப்புள்கொடி இன்னும் விழவில்லை.

"நான் சொன்னா பொல்லாப்பு," என்று மாமியார் ஸ்தாமெனா ஆரம்பித்தாள். "மூத்ததையும் இவ இப்படித்தான் வாரிக்குடுத்தா. கழுவாத கையி."

"கழுவாம தொட்டதே இல்ல சிஸ்டர்," என்றாள் வீதா. அவள் கண்ணில் ஒரு சொட்டு நீர் இல்லை. கல்நெஞ்சக்காரி என்று தெசாங்கா நினைத்துக்கொண்டாள்.

பிள்ளையின் துணியை விலக்கியதும் ராக்கியா சாராய வாடை குப்பென்று அடித்தது. "இது யார் வேலை?"

"நான்தான். என் அஞ்சு பிள்ளைக்கும் இதத்தான் தொட்டு வச்சேன். எல்லாம் குதிரை மாதிரி நிக்குதுங்க," என்று மாமியார் முறைத்தாள்.

இருவரில் யார் பொய் சொல்கிறாள்? தெசாங்கா பையிலிருந்து குழந்தைகள் நலத்துறைப் படிவத்தை எடுத்தாள். கையெழுத்துப் போட்டால் பிள்ளையை இந்த வீட்டிலிருந்து தூக்கிக்கொண்டு போய்விடுவார்கள். பேனாவைத் திறந்தவள், போன தடவை ஒக்னியெனைப் பார்த்தபோது தானே எழுதிய குறிப்பைப் பார்த்தாள்: 'சீழ் இல்லை. சுத்தமான புண்.'

மறுபடி குனிந்து பார்த்தாள். தொப்புளைச் சுற்றிச் சிவந்து வீங்கி, அனலாகக் கொதித்தது. சீழ் மட்டும் துளியும் இல்லை. அழுக்குக் கை பட்டிருந்தால் இதற்குள் சீழ் கட்டியிருக்க வேண்டுமே! படிவத்தை மடித்துப் பையில் திணித்துவிட்டுப் பிள்ளையோடு வீதாவையும் வண்டியில் ஏற்றினாள்.

மதியம் ஆஸ்பத்திரியில் ரத்தப் பரிசோதனைத் தாளோடு டாக்டர் தியானா வந்தாள். "வெள்ளையணு அறுபதாயிரம் இருக்கு."

"அவ்வளவா? அப்ப ஏன் புண்ணுக்கு ஒண்ணுகூட வரல?"

"அதான் விஷயம். புண்ணு ஆன இடத்துல ரத்தக்குழாய்ச் சுவர் அதுங்கள இழுக்கும். அதுங்க சுவத்துல உருண்டு வந்து, கெட்டியா ஒட்டிக்கிட்டு, இடுக்கு வழியா வெளிய இறங்கணும். அப்படி வந்து செத்ததுங்கதான் சீழு. கொடி விழுறதுக்கும் அதுங்க வரணும். இவனுக்கு ஒட்டுற பிடியே இல்ல போல. ரத்தத்துக்குள்ளயே சும்மா ஓடிட்டிருக்கு. பெல்கிரேடு பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பி உறுதிப்படுத்தணும். எலும்பு மஜ்ஜை மாத்தினா பொழைக்க வழி இருக்கு. பிறவிக் குறை, யாரும் செஞ்சது இல்ல."

வீதா பிள்ளையை இறுக்கிக்கொண்டாள். "மூத்தவனுக்கும் இதுதானா?"

"இருந்திருக்கும்," என்றாள் டாக்டர்.

வீதா தெசாங்கா பக்கம் திரும்பினாள். இப்போதுதான் கண்ணீர் கொட்டியது.

"நீங்க எழுதினத நானே நம்பிட்டேன் சிஸ்டர். இவன் பொறந்து மூணு நாள் தொடவே பயந்தேன்."