தாடிக்காரக் காடை

தாஹிருக்குப் பதினொரு நாளாக இருப்புக் கொள்ளவில்லை. சுபஹு தொழுத கையோடு சைக்கிளை எடுத்துக்கொண்டு எத்தாளை ஊர்ப் பற்றைகளெல்லாம் அலைந்துவிட்டு, வெயில் ஏறியதும் வெறுங்கையோடு வந்து கதிரையில் விழுவார். விழுந்த ஐந்து நிமிடத்தில் எழும்பி வாசலுக்குப் போவார். வாசலில் என்ன புதினம் இருக்கிறது? ரோட்டு இருக்கிறது, ரோட்டுக்கு அந்தப் பக்கம் தென்னந்தோட்டத்துக் கம்பிவேலி இருக்கிறது. அதையே முறைத்துப் பார்த்துவிட்டுத் திரும்பி வருவார்.

“கொஞ்சம் குந்துங்களேன். பாக்கிற எனக்குத் தல சுத்துது” என்பாள் மனைவி சித்தி ஸுலைஹா. அவர் குந்தமாட்டார்.

அவர் தேடியது ஒரு காடை. ஒன்றே ஒன்று. காடைக்கு இப்போது என்ன பஞ்சம்? புத்தளம் டவுனில் பண்ணைக் காடை ஐஸ் பெட்டி நிறையக் கிடக்கிறது. மருமகன் றிம்ஸான் போன கிழமையே நாலு வாங்கி வந்து பிரிட்ஜில் போட்டிருந்தான். தாஹிர் அதைத் திறந்து பார்த்தார். “இது காடையா? வருத்தம் புடிச்ச கோழிக்குஞ்சு மாதிரி இரிக்கிது” என்று கதவைச் சாத்திவிட்டார். அவருக்குக் காட்டுக் காடை வேண்டும். மகள் றுமைஸாவுக்குக் கொடுத்த வாக்கு அது.

றுமைஸா ஒரே பிள்ளை. மூன்று தரம் அவள் வயிற்றில் தங்கியது மூன்று தரமும் கலைந்துபோனது. நாலாவதாய் வந்தவள்தான் ஸம்ஹா. பேத்தியைக் கையில் வாங்கிய சந்தோசத்தில், ஆஸ்பத்திரிக் கட்டிலுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு மனுசன் வாயை விட்டுவிட்டார்: “நாப்பதாம் நாளைக்கு வாப்பா காட்டுக் காடை அறுத்துத் தாரேன் மகள். அல்லாஹ் மேல ஆணையா!” அந்தக் குடும்பத்தில் பிள்ளை பெற்றவளுக்கு நாற்பதாம் நாள் காட்டுக் காடைச் சூப்பு கொடுப்பது வழக்கம். தங்கச்சிமார் இரண்டு பேருக்கும் ஸுலைஹாவுக்கும் அவர்தான் பிடித்துக் கொடுத்தார். அப்போதெல்லாம் அது ஒரு வேலையே இல்லை. பின்னேரம் அஸருக்கும் மஃரிபுக்கும் இடையில் போனால் ஐந்தாறு பிடித்துக்கொண்டு வரலாம்.

ஆணையிடும்போது அந்தக் காலம் போய்விட்டதென்பது அவருக்கு ஞாபகம் வரவில்லை. இன்றைக்கு முப்பத்தெட்டாம் நாள்.

காடை பிடிப்பதில் தாஹிரை அடிக்க அந்தப் பக்கத்தில் ஆள் இருந்ததில்லை. அவரிடம் சுடுகிற துவக்குக் கிடையாது, வலை கிடையாது. ஒரு சிரட்டை, கொஞ்சம் தங்கூசி நூல், அவ்வளவுதான். காடை குரல் கொடுப்பது தூரத்தில் மோட்டார் சைக்கிள் ஓடுவதைப் போல இருக்கும். ட்ரூர்ர்ர் என்று நிலத்துக்குள்ளிருந்து வருகிற மாதிரி. ஓட்டை போட்ட சிரட்டையைத் தாஹிர் வாயில் கவிழ்த்துக்கொண்டு, அடித்தொண்டையால் அதே சத்தத்தைக் கொடுப்பார். என் எல்லைக்குள் எவன் வந்து கத்துகிறான் என்று பற்றைக்குள் இருக்கிற காடை சண்டைக்கு ஓடி வரும். ஓடி வருகிற வழியில் தங்கூசிக் கண்ணி காத்திருக்கும்.

இதற்கு ஒரு சட்டம் உண்டு. அவருடைய வாப்பா போட்ட சட்டம். கூப்பிடுகிறது சேவல்; உடம்பு பெரிது, தொண்டை கறுப்பு, தாடி விட்ட மாதிரி. அந்தத் தாடிக்காரனைப் பிடிக்கலாம். முட்டையில் படுத்திருக்கிற சின்னது பொட்டை, அதைத் தொடக்கூடாது. தாயை விட்டால் இனம் நிலைக்கும். நாற்பது வருடம் தாஹிர் அந்தச் சட்டத்தை ஒரு நாள்கூட மீறியதில்லை. ஊரில் எங்கே பேச்சு வந்தாலும் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு சொல்வார்: “நான் புடிச்சதெல்லாம் தாடிக்காரன். ஒரு தாயக்கூட இந்தக் கை தொட்டதில்ல.”

அப்படியானால் காடை எங்கே போனது? அதற்கும் அவரிடம் பதில் இருந்தது. இன்னாசிப்பிள்ளை!

இன்னாசிப்பிள்ளையும் தாஹிரும் ஒரு காலத்தில் நகமும் சதையுமாய்த் திரிந்தவர்கள். தாஹிர் சிரட்டையை ஊதினால், கண்ணியைப் பார்ப்பது இன்னாசியின் வேலை. இருபத்தெட்டு வருடத்துக்கு முன் ஒரு நாள் ஒரு காடையும் அகப்படவில்லை. இன்னாசிப்பிள்ளை ஒரு புற்பற்றையில் முட்டையோடு படுத்திருந்த சின்னக் காடை ஒன்றைக் கண்டு, தலையில் கிடந்த தொப்பியைக் கழற்றி அமுக்கிப் பிடித்துவிட்டார். தாஹிர் பார்த்தபோது அதன் கழுத்து ஏற்கெனவே முறிந்திருந்தது. “தாயக் கொன்ட பாவி” என்று அந்த இடத்திலேயே கத்தினார். அன்றோடு பேச்சு நின்றது. பிறகு இன்னாசிப்பிள்ளை வெங்காயம் வைத்து, எல்லாரையும் போலக் களைநாசினியும் அடிக்க, தாஹிருக்கு வாய்க்கு நல்ல அவல் கிடைத்தது. கடைத்தெருவில், கலியாண வீட்டில், பள்ளிவாசல் ஹவுளில் கால் கழுவும்போதுகூட, காடையை அழித்தவன் இன்னார்தான் என்று பெயர் சொல்லிச் சொன்னார்.

விதியைப் பாருங்கள். முப்பத்தெட்டாம் நாள் காலையில் காடைக் குரல் கேட்டது அந்த இன்னாசிப்பிள்ளையின் நிலத்திலிருந்துதான். வெங்காயப் பாத்திக்குப் பின்னால் அரை ஏக்கர் நிலம் புல் முளைத்துச் சும்மா கிடந்தது. இப்படியா நிலத்தைப் போடுவான் சோம்பேறி என்று எத்தனையோ தரம் திட்டிக்கொண்டு தாண்டிய இடம். ஒரு சத்தம்தான். ட்ரூர்ர்ர்.

தாஹிர் சைக்கிளை வேலியோரம் சாத்தினார். இருபத்தெட்டு வருடமாய்க் கால் வைக்காத நிலம். ஒரு கணம் தயங்கினார். பிறகு றுமைஸாவின் வெளுத்த முகம் கண்ணுக்குள் வந்தது. கள்ளனைப் போலக் கம்பிக்குள்ளால் குனிந்து போய்க் கண்ணி வைத்து, குந்தியிருந்து சிரட்டையை ஊதினார். கால் மணித்தியாலம். புல் அசைந்தது. தலையைத் தாழ்த்தி, இறகைச் சிலிர்த்துக்கொண்டு, கறுத்த தொண்டையோடு தாடிக்காரன் நேராக ஓடி வந்து காலைக் கண்ணியில் கொடுத்தான்.

பறவையைத் துவாயில் சுற்றிக்கொண்டு நிமிர்ந்தபோது வெங்காயப் பாத்தியில் இன்னாசிப்பிள்ளை தண்ணீர்க் குழாயோடு நின்றுகொண்டிருந்தார். எல்லாவற்றையும் பார்த்திருக்கிறார். ஒரு வார்த்தை ஏசவில்லை. முகத்தை மற்றப் பக்கம் திருப்பிக்கொண்டு தண்ணீர் அடித்தார். ஏசியிருந்தால் தாஹிருக்கு எவ்வளவோ நிம்மதியாக இருந்திருக்கும்.

வீட்டில் பெருநாள்தான். காடையைப் பிரம்புக் கூடைக்குள் விட்டு, குரக்கன் மணி போட்டு, மேலே சுளகால் மூடி வைத்தார். மகளைக் கூப்பிட்டுக் காட்டினார். “தாடியப் பாத்தீங்களா மகள்? சிங்கம்! நாளண்டைக்கு இதுதான் ஒங்களுக்கு.” றுமைஸா சிரித்தாள். ஸுலைஹா மட்டும் கூடைக்குள் ஒரு தரம் எட்டிப் பார்த்துவிட்டு, ஒன்றும் சொல்லாமல் குசினிக்குள் போய்விட்டாள். தாஹிர் அதைக் கவனிக்கவில்லை. கவனிக்கிற பழக்கம் அவருக்கு இருந்ததுமில்லை.

மறுநாள் சுபஹு முடிந்து வந்து சுளகைத் தூக்கினார். தாடிக்காரன் ஒரு மூலையில் ஒடுங்கி நின்றான். கூடையின் நடுவில் ஒரு முட்டை கிடந்தது.

சாம்பல் நிறம், கறுப்புப் புள்ளி. தாஹிர் அதைத் தொட்டார். சூடு ஆறவில்லை. முதலில் யாரோ விளையாட்டுக்கு வைத்ததாக நினைத்து வீட்டைச் சுற்றிப் பார்த்தார். பிறகு காடையைப் பிடித்துத் திருப்பி, அந்தக் கறுத்த தொண்டையை விரலால் தேய்த்தார், சாயம் போகுமா என்று பார்க்கிறவர் மாதிரி.

“ஸுலைஹா! இஞ்ச வா! தாடிக்காரன் முட்ட போட்டிரிக்கி!”

ஸுலைஹா ஈரக்கையைத் துடைத்தபடி வந்தாள். ஆச்சரியப்படவில்லை. “ஓம். போடாம?”

“என்ன ஓம்?”

“நீங்க அறுத்துத் தந்த காடையெல்லாம் வெட்டினது ஆரு? நான்தானே. பாதிக் காடைக்கு மேல வயித்துக்குள்ள முட்டச்சரம் கெடக்கும். சிலதுக்குத் ஓடு வெச்ச முட்டையும் இரிக்கும்.”

“நீ எனக்கிட்டச் சொல்லல்லியே!”

“சொன்னேன். றுமைஸா கைப்புள்ளையா இரிக்கிற நேரம் சொன்னேன், கூப்பிடுறது பொட்ட போல இரிக்கிது எண்டு. ‘குசினிக்குள்ள இரிக்கிற ஒனக்குக் காட்டப் பத்தி என்னடி தெரியும்’ எண்டு சட்டிய எத்தினீங்க. அதுக்குப் பொறகு நான் வாயத் தொறக்கல்ல.”

சட்டியை எத்தியது தாஹிருக்கு ஞாபகம் இருந்தது. எதற்காக எத்தினார் என்பதுதான் மறந்துபோயிருந்தது.

அவருக்குக் கணக்குத் தானாக ஓடியது. நாற்பது வருடமாய்ச் சிரட்டையை ஊதி ஊதி அவர் கூப்பிட்டதெல்லாம் தாய்மாரை. முட்டையில் கிடந்தது ஆண். ஊர் முழுக்க நெஞ்சை நிமிர்த்திச் சொன்ன சட்டத்தைப் பிடித்துக்கொண்டு, பொட்டை பொட்டையாய்ப் பொறுக்கி அறுத்திருக்கிறார். களைநாசினி செய்தது பாதி என்றால் மீதியை யார் செய்தது? அதைவிட மோசம், றுமைஸா கைப்பிள்ளையாக இருந்தது முப்பத்தொரு வருடத்துக்கு முன். இன்னாசியைப் பாவி என்று கத்தியது அதற்கு மூன்று வருடம் கழித்து. அதாவது, உண்மை அவருடைய வீட்டுக் குசினியில் கிடக்கும்போதுதான் அந்த மனுசனைத் தள்ளிவைத்தார்.

அறுக்கிற கத்தி தீட்டி அலுமாரி மேல் இருந்தது. ஆணையிட்ட வாக்கும் இருந்தது. தாஹிர் கூடையைச் சுற்றி நடந்தார், முற்றத்துக்குப் போனார், திரும்பி வந்தார். பிறகு முட்டையைக் கைலேஞ்சித் துணியில் சுற்றிச் சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டு, கூடையைத் தூக்கினார்.

“மகளுக்கு என்ன சொல்ற?” என்று ஸுலைஹா கேட்டாள்.

“வாப்பா பொய்யன் எண்டு சொல்லு.”

இந்த முறை வேலிக்குள்ளால் நுழையவில்லை. இன்னாசிப்பிள்ளையின் வாசலில் நின்று பெயர் சொல்லிக் கூப்பிட்டார். இன்னாசிப்பிள்ளை வந்து பார்த்தார். தாஹிர் கைலேஞ்சியை அவிழ்த்து முட்டையைக் காட்டினார்.

“நேத்துப் புடிச்சது போட்டது. தாடிக்காரன்தான் பொட்ட, இன்னாசி. அண்டைக்கு நீ தொப்பியால அமுக்கினது தாய் இல்ல. நான்தான்... நான் புடிச்சதெல்லாம்தான் தாய். என்னை மாப்புச் செய்.”

இன்னாசிப்பிள்ளை முட்டையைக் குனிந்து பார்த்தார். பிறகு “வாங்க நாநா” என்று பழையபடி அண்ணன் முறை வைத்துக் கூப்பிட்டு முன்னால் நடந்தார். பின்புற நிலத்தில் ஒரு இலுக்குப் புற்பற்றையை விரலால் விலக்கினார். உள்ளே மூன்று முட்டைகள். தாடி இல்லாத ஒரு சின்னக் காடை நாலடி தள்ளி நின்று, பறந்தும் போகாமல், கிட்டவும் வராமல் தவித்துக்கொண்டிருந்தது.

“நேத்து நாலாவது முட்ட வரும் எண்டு பாத்தேன். வரல்ல” என்றார் இன்னாசிப்பிள்ளை. “நீங்க தூக்கிட்டுப் போறதக் கண்டேன். ஏச வாய் வரல்ல. தாயக் கொன்டவனுக்கு ஏச என்ன ஞாயம் இரிக்கி?”

தாஹிர் தலையைத் தூக்கவில்லை.

“அண்டைக்கு நீங்க பாவி எண்டு கத்தினீங்களே, அது எனக்கு நெஞ்சில ஏறிட்டு. தலவிலக் கோயில் திருநாளுக்குப் போய் புனித அன்னம்மாவுக்கு முன்னால முழங்கால்ல நிண்டு அழுதேன். அதுக்குப் பரிகாரமாத்தான் இந்த அரை ஏக்கரச் சும்மா போட்டேன். மருந்து அடிக்கல்ல, மம்பட்டி வெக்கல்ல. இருபத்தெட்டு வருசம், நாநா. ஊரே என்னைப் பைத்தியம் எண்டுது.” அவர் முட்டையைப் பார்த்தார், தாஹிரைப் பார்த்தார். “இப்ப வந்து அது தாயே இல்ல எண்டுறீங்க.”

செய்யாத குற்றத்துக்கு ஒருவன் போட்டுவைத்த புல்லில்தான் கடைசிக் காடை குடியிருந்திருக்கிறது. தாஹிர் அழுதார். அறுபத்து மூன்று வயது மனுசன், வெங்காயத் தோட்டத்துக்கு நடுவில் நின்று, மூக்கை உறிஞ்சி உறிஞ்சி அழுதார். இன்னாசிப்பிள்ளை அவரைத் தேற்றவில்லை. முட்டையை வாங்கி மற்ற மூன்றோடும் வைத்தார். கூடையைத் திறந்ததும் தாடிக்காரி புல்லுக்குள் ஓடி மறைந்தாள். சத்தமே இல்லை.

“கூப்பிட்டுப் பாக்கிறீங்களா, நிக்கிதா எண்டு?” என்றார் இன்னாசிப்பிள்ளை.

தாஹிரின் கை பைக்குள் இருந்த சிரட்டையைத் தொட்டது. எடுத்தார். காலுக்கடியில் போட்டு மிதித்தார்.

அன்று முழுக்க அவர் பட்ட பாடு முந்தின பதினொரு நாளும் பட்டதைவிடப் பெரிது. கண்ணியில் மாட்டின கால் முறிந்திருக்குமோ? பயத்தில் செத்துக் கிடக்குமோ? கூப்பிட்டால் ஒரு நிமிடத்தில் தெரிந்துவிடும். கூப்பிடுகிற சிரட்டை இனி இல்லை. கதிரை, வாசல், கம்பிவேலி, மறுபடி கதிரை. றுமைஸா பிள்ளைக்குப் பால் கொடுத்தபடி பார்த்துக்கொண்டே இருந்தாள். “பிரிட்ஜில இரிக்கிறதக் காச்சித் தாங்க வாப்பா, அதுவும் காடதானே” என்றாள். அவர் மறுபடி வாசலுக்குப் போனார்.

நாற்பதாம் நாள் காலை, ஸுலைஹா பண்ணைக் காடைக்கு மிளகு அரைத்துக்கொண்டிருக்கும்போது போன் அடித்தது. தெரியாத நம்பர்.

“நாநா, பேசாமக் கேளுங்க” என்றது இன்னாசிப்பிள்ளையின் குரல். பிறகு காற்றின் சத்தம். புல் உரசுகிற சத்தம். தாஹிர் மூச்சை அடக்கிக்கொண்டு நின்றார். ரோட்டில் ஏதோ லொறி போனது. அவர் மற்றக் காதைப் பொத்திக்கொண்டார்.

ட்ரூர்ர்ர்.

அவர் குசினிக்குள் போய், மிளகுக் கையோடு நின்ற மனைவியின் காதில் போனை வைத்தார்.

“நீ கேளு” என்றார். “நீதானே மொதல்ல சொன்ன.”

ஸுலைஹா தலையைச் சாய்த்துக் கடைசிவரை கேட்டாள். பிறகு போனைத் திருப்பிக் கொடுத்தாள்.

“எனக்கு எண்டைக்கோ கேட்டிச்சு” என்றுவிட்டு அம்மியில் குனிந்தாள்.