சுத்தக்காரியும் ஒரு கைரேகையும்

அந்த வினிகர் ஆலையின் பரிசோதனைக் கூடத்துக்குள் கையைக் கழுவாமல் நுழைய ஒருவருக்கும் துணிச்சல் கிடையாது. அங்கே ஆட்சி செய்த வேதியியல்காரியை எல்லோரும் முதுகுக்குப் பின்னால் சுத்தக்காரி என்பார்கள். முகத்துக்கு நேரே சொன்ன ஒரே ஆள் அவளுடைய கொழுந்தன். ஆலையின் எலக்ட்ரீஷியன். அவள் முறைத்தால் உடனே "அண்ணீ" என்று இழுத்து ஐஸ் வைத்துவிடுவான்.

கழிவுநீரில் மிஞ்சும் அசிட்டிக் அமிலத்தை ஒழிக்க அவள் ஒரு கருவி செய்திருந்தாள். பெரிய கண்ணாடிப் பாத்திரம், நடுவே புற ஊதா விளக்கு, அவ்வளவுதான். கழிவுநீரில் கொஞ்சம் ஹைட்ரஜன் பெராக்சைடு ஊற்றி விளக்கைப் போட்டால் அது உடைந்து ஹைட்ராக்சில் ராடிக்கல்கள் என்ற அரைகுறை மூலக்கூறுகள் பிறக்கும். மகா பசிக்காரர்கள். பிறந்ததும் பக்கத்தில் இருப்பவரிடம் ஒரு ஹைட்ரஜனைப் பிடுங்கிக்கொண்டு, ஒன்றும் தெரியாத பிள்ளை மாதிரி தண்ணீராகிவிடுவார்கள். பறிகொடுத்த அமிலம் நிலைகுலைந்து, துண்டாகி, கடைசியில் கரியமில வாயுவும் தண்ணீருமாகப் போய்ச் சேரும்.

புத்தகத்தில் அப்படித்தான் இருந்தது. கருவிக்கு அது தெரியவில்லை போலிருக்கிறது. இதுவரை ஒரே ஒரு முறைதான் வேலை செய்தது. அவள் காய்ச்சலில் படுத்திருக்க, கொழுந்தன் போனில் கேட்டுக் கேட்டு நடத்திய சோதனை அது. மற்ற நாளெல்லாம் அமிலம் குறைவதற்குப் பதில் கூடியது.

இன்று மதியம் கடைசி வாய்ப்பு. இதுவும் ஊற்றிக்கொண்டால் கருவி பழைய சாமான் அறைக்கு, அவள் லேபிள் ஒட்டும் பிரிவுக்கு. மேலாளரம்மா கறாராகச் சொல்லிவிட்டார். பயம் வந்தால் அவளுக்குத் தெரிந்த ஒரே வழி கழுவுவதுதான். காலையிலிருந்து மூன்று முறை பாத்திரத்தில் ஸ்பிரிட் ஊற்றி அலசினாள். சோதனை தொடங்குவதற்குச் சற்று முன்னால், மனசு கேட்காமல் நான்காவது முறையும்.

ஒரு மணி நேரம் ஓடியது. அமிலம் கூடியிருந்தது.

"தம்பி, விளக்குல ஏதோ குளறுபடி. நீங்கதான் வயரை மாத்திக் குடுத்திருக்கீங்க!" என்று கொழுந்தன் மீது பாய்ந்தாள்.

"என் மேல பழியப் போடாதீங்க அண்ணி."

மேலாளரம்மா முப்பது வருடம் பீப்பாய்களோடு குடித்தனம் நடத்தியவர். விளக்கைப் போடும் முன் எடுத்து மூடி வைத்திருந்த மாதிரிக் குப்பியைத் திறந்து மோந்து பார்த்தார். பிறகு குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார்.

"ஏம்மா, இதுல ஸ்பிரிட் வாடை வருதே. ஸ்பிரிட்டும் ஆல்கஹால்தானே. நம்ம ஆலையில ஆல்கஹால என்னவா மாத்துறோம்?"

"வினிகரா..." என்றவள் ஸ்பிரிட் பாட்டிலைத் திரும்பிப் பார்த்தாள்.

எல்லாம் அவளுக்குப் புரிந்துவிட்டது. பசிக்காரர்களுக்கு அமிலத்தைவிட ஆல்கஹால் பல மடங்கு சுலபமான தீனி. பாத்திரத்தில் ஒட்டியிருந்த ஸ்பிரிட்டை முதலில் தின்று, அதையும் புது அமிலமாக்கிப் போட்டிருக்கிறார்கள். ஒழிக்க வந்த அமிலத்தை அவளே தயாரித்துக்கொண்டிருந்தாள். வெட்கத்தில் காது சுட்டது.

"அப்ப, எனக்குக் காய்ச்சல் வந்த அன்னிக்கு?"

கொழுந்தன் தலையைச் சொறிந்தான். "அன்னிக்கு நான் கழுவவே இல்ல அண்ணி. நாலு தடவ கழுவினேன்னு சும்மா சொன்னேன். திட்டுவீங்கன்னு பயம்."

"இன்னொரு மணி நேரம் தரேன்," என்றார் மேலாளரம்மா. "ஸ்பிரிட்ல கழுவாம பண்ணிக் காட்டு."

பாத்திரத்தைக் காலி செய்து, வெறும் தண்ணீரில் இரண்டு முறை அலசி, புதுக் கழிவுநீரை ஊற்றினார்கள். கொழுந்தன் விளக்கை இறக்கியபோது பாத்திரத்தின் வெளிப்புறக் கண்ணாடியில் அவன் கட்டைவிரல் ரேகை எண்ணெய்ப் பிசுக்கோடு பளிச்சென்று பதிந்தது. அவள் கை தானாக ஸ்பிரிட் பாட்டிலுக்குப் போனது. பாதியில் நிறுத்தி, பாட்டிலை அவனிடமே நீட்டினாள்.

"பூட்டி வைங்க தம்பி. நான் கெஞ்சினாலும் குடுக்காதீங்க."

மணி ஐந்தாகும்போது அமிலம் பாதியாகக் குறைந்திருந்தது. கருவி இங்கேயே இருக்கட்டும் என்று மேலாளரம்மா கையெழுத்துப் போட்டுவிட்டுப் போனார். சுத்தக்காரி நாற்காலியில் உட்கார்ந்து, அந்தக் கைரேகையை வெகுநேரம் பார்த்துக்கொண்டே இருந்தாள். துடைக்கவில்லை.