இடம் மாறிய தனி ஆவர்த்தனம்

நான் கிளாரினெட்டில் கர்நாடக இசையும் சாக்சபோனில் ஜாஸும் வாசிப்பவன். இரு துறைகளிலும் என்னைப் பற்றி நல்ல கருத்தே நிலவுகிறது. மயிலாப்பூரில், நான் ஜாஸில் வல்லவன் என்பார்கள். தியாகராய நகர் ஓட்டலில் என்னோடு வாசிக்கும் குழுவினரோ, எனக்குக் கர்நாடகமே உயிர் என்று பெருமைப்படுவார்கள்.

இளமையில் கோடம்பாக்கத்தில் திரைப்படங்களுக்கும் வாசித்ததுண்டு. நகைச்சுவை நடிகர் மாடிப்படியில் உருண்டு விழும் காட்சிக்கே என்னை அழைப்பார்கள். மேற்சுரத்திலிருந்து கீழே வழுக்கி வருவதில் எனக்கு நிகரில்லை என்று ஓர் இசையமைப்பாளர் பாராட்டினார். என் வாழ்க்கை வரலாற்றை அவர் அறிந்திருக்க நியாயமில்லை.

மார்கழிதோறும் மயிலாப்பூர்ச் சபா ஒன்றில் எனக்கு நண்பகற் கச்சேரி கிடைத்துவந்தது. உண்ட களைப்பை மின்விசிறியின்கீழ் ஆற்றிக்கொள்ள வருவோரே அதில் மிகுதி. ஒரே ஒரு மாலைக் கச்சேரி கிடைத்துவிட வேண்டும் என்பதே என் நெடுநாளைய ஆசை. சென்ற மார்கழியில் செயலாளர் அம்பி வாய் திறந்தார்.

"ஓய் புகழேந்தி, இந்த வாட்டி நானே வந்து உக்காந்துண்டு கேக்கறேன். மெயின் உருப்படி மட்டும் நன்னா அமைஞ்சுடுத்துன்னா, அடுத்த வருஷம் சாயங்காலம் உமக்குத்தான்."

கச்சேரியன்று மிருதங்கம் செம்பியன். என்னுடன் அவர் வாசிப்பது அதுவே முதன்முறை.

"சார், தனி எப்போ வுடுவீங்க?" என்று மேடையேறும்போது கேட்டார்.

"கை காட்டுறேன் தம்பி. ஒடனே புடிச்சுக்கோங்க."

தனி என்பது முக்கிய உருப்படியின் இறுதியில் மிருதங்கக்காரர் தாம் மட்டும் வாசிக்கும் பகுதி. அது தொடங்கியதும் ரசிகர்களிற் பெரும்பாலோர் எழுந்து கேன்டீனுக்குச் செல்வது ஊர் வழக்கம். மிருதங்கக்காரரைத் தவிர வேறெவரும் அதனைத் தவறாகக் கொள்வதில்லை.

ஜாஸிலும் ஒரு வழக்கம் உண்டு. அவரவர் கற்பனையை வாசித்து முடித்தபின், மூல மெட்டுக்குத் திரும்பலாம் என்பதைத் தலைவர் தம் தலையைத் தட்டிக் குறிப்பார். அந்த மாதம் முழுவதும் ஓட்டலில் நான் தலையைத் தட்டிக்கொண்டே இருந்தேன்.

இரண்டாம் உருப்படியில், எனக்கே வியப்பூட்டும் வகையில் நன்றாக வாசித்துக்கொண்டிருந்தேன். அம்பியின் நாற்காலி இன்னும் காலியாகவே இருந்தது. அவர் வருவதற்குள் இதனை முடித்துவிட்டு முக்கிய உருப்படிக்குச் செல்ல எண்ணினேன். கிளாரினெட்டின் துளைகள் அனைத்தையும் திறந்துவிட்டாலும் ஒரு சுரம் ஒலிக்கும். அப்போது இடக்கைக்கு வேலையில்லை. அந்த வேலையற்ற கை, பல்லவிக்குத் திரும்பலாம் என்று என் தலையைத் தட்டியது.

செம்பியன் உடனே பிடித்துக்கொண்டார்.

வயலின் வாசித்த தீபிகா என் பக்கம் சாய்ந்தார். "சார், ரெண்டாவது பாட்டுக்கேவா தனி?"

"நான் குடுக்கலம்மா."

"அப்ப எதுக்குத் தலையில அடிச்சுக்கிட்டீங்க?"

"இப்பத்தான் அடிச்சுக்கணும்."

தொடங்கிய தனியை இடையில் நிறுத்துவது மிருதங்கக்காரரை மேடையிலேயே அவமதிப்பதாகும். ஆதலால் புன்னகையோடு தாளம் போட்டுக்கொண்டிருந்தேன். ரசிகர்கள், கச்சேரி முடியப்போகிறது என்னும் முழு நம்பிக்கையோடு எழுந்து சென்றனர். அம்பி உள்ளே நுழைந்தபோது, அரங்கில் உறங்கிக்கொண்டிருந்த ஒருவரும், என்னுடன் ஆதம்பாக்கம் திரும்ப வேண்டியிருந்த காரணத்தால் என் மனைவி தங்கபுஷ்பமும் மட்டுமே எஞ்சியிருந்தனர்.

தனி முடிந்ததும் செம்பியன் வியர்வையைத் துடைத்தவாறு கேட்டார்: "எப்டி சார்?"

"பிரமாதம் தம்பி. இனிமேதான் மெயின்."

"இன்னா சார் சொல்றீங்க! அப்போ இது?"

முக்கிய உருப்படியாகத் தோடி ராகத்தைத் தொடங்கினேன். கவர வேண்டிய கூட்டம் இல்லாமையால் அவசரமும் இல்லை. அன்று வாசித்த தோடியை அதற்கு முன்பும் நான் வாசித்ததில்லை, பின்பும் வாசிக்கவில்லை. அம்பி கண்மூடி இறுதிவரை கேட்டார். உறங்கியவர்கூட விழித்துக்கொண்டார்.

மேடைக்குப் பின்னே அம்பி என் கையைப் பற்றினார். "தோடி ஏ ஒன் ஓய்! கண்ணுல ஜலம் வந்துடுத்து."

"அப்ப சாயங்காலம்..."

"அதைத்தான் சொல்ல வந்தேன். வழக்கமா உம்ம கூட்டமும் நாலு மணிக் கச்சேரிக்கு வர்ற கூட்டமும் ஒண்ணாச் சேர்ந்து கேன்டீன்ல அடிச்சுக்கும். இன்னிக்கு உம்ம கூட்டம் முன்னாடியே வந்து சாப்ட்டுடுத்து. தள்ளுமுள்ளே இல்லேன்னு கேன்டீன்காரன் பூரிச்சுப் போயிட்டான். அடுத்த வருஷமும் மத்தியானமே இரும். தனியை மட்டும் இதே மாதிரி முன்னாடியே விட்டுடும்."

"தோடி நல்லா இருந்துச்சுன்னு சொன்னீங்களே?"

"யாரு இல்லேன்னா? ஆனா சாயங்காலம் டிக்கெட் வாங்கிண்டு வந்தவாள்ளாம் இப்படி எழுந்து போனா, நான் என்ன பதில் சொல்றது?"

வாயிலில் தங்கபுஷ்பம் காத்திருந்தாள். "இன்னா சொன்னாரு?"

"தோடி ரொம்ப நல்லா இருந்துச்சாம்."

"அது எனக்கே தெரியுமே. சாயங்காலம் குடுத்தாரா?"

"மதியந்தான்."

"நீங்க ஒத்துக்கினீங்களா?"

"அவரு கேட்டு முடிக்கறதுக்குள்ளயே."