சட்டைப்பையில் வார்த்தைகள்

ஆஸ்பத்திரி வாசலில் அருள்பாண்டி பைக்கோடு நின்ற தோரணையைப் பார்த்தால் பெண்டாட்டியைக் கூட்டிப்போக வந்தவன் மாதிரியா இருந்தது? பரீட்சை நடத்த வந்தவன் மாதிரி இருந்தது. சட்டைப்பை நிறையச் சீட்டு. ஒரு பக்கம் இங்கிலீஷ் வார்த்தை, மறுபக்கம் அதற்கு அர்த்தம். நைட் டூட்டி முடிந்து ஜெயக்கொடி பின்னால் ஏறியதும், கே.கே. நகரிலிருந்து அழகர்கோவில் ரோட்டு வீடுவரை சிக்னலுக்கு ஒரு சீட்டாக உருவுவான்.

லண்டனில் நர்ஸ் வேலைக்குப் போக இங்கிலீஷ் பரீட்சையில் தேறியாக வேண்டும். இரண்டு தடவை கோட்டை விட்டாயிற்று, மூன்றாவது வருகிற சனிக்கிழமை. அதற்குள் இவன் தெரு முழுக்கச் சொல்லி அவளை விமானம் ஏற்றிவிட்டான். அவளுக்கோ கண் இரண்டும் எரிந்தது, உட்கார்ந்தபடியே தூங்கிவிடுவாள் போலிருந்தது.

தல்லாகுளம் சிக்னலில் முதல் சீட்டு வந்தது. "டெஸ்பாண்டென்ட்?"

அதை அவள் எப்படி மறப்பாள்? ராத்திரி மூன்றாம் கட்டிலில் தங்கப்பொண்ணு என்கிற அம்மாள் சத்தமில்லாமல் அழுதுகொண்டிருந்தாள். மேசையில் சீட்டும் கையுமாக இருந்த ஜெயக்கொடி நிமிர்ந்து பார்த்தாள். நம்பிக்கை இழந்து மனம் சோர்ந்த நிலை. ஆகா, பொருத்தமான வார்த்தை! மகன் வரவில்லையென்று அழுகிறாள் போல என்று தானே முடிவுகட்டி, அர்த்தத்தை இன்னொரு தரம் முணுமுணுத்துவிட்டு அடுத்த சீட்டுக்குப் போய்விட்டாள். எழுந்து போய்க் கேட்கவில்லை.

விடிந்து டூட்டி மாற்ற வந்த முனீஸ்வரிதான் போர்வையை விலக்கினாள். ட்ரிப்ஸ் ஊசி நரம்பை விட்டு விலகி, கை முழங்கைவரை வீங்கிக் கிடந்தது.

"ஏம்மா கூப்பிடல?"

"அந்தப் புள்ள படிச்சுக்கிட்டு இருந்துச்சு தாயி. எதுக்குத் தொந்தரவுன்னு இருந்துட்டேன்."

சிக்னலில் அருள்பாண்டி சீட்டை ஆட்டினான். "சொல்லு ஜெயா, பச்சை விழப்போகுது."

"தெரியல."

"நேத்து கடகடன்னு சொன்னியே? சரி, அடுத்தது..."

"எதுவும் வேணாங்க. சனிக்கிழமை நான் எழுதப் போகல."

பின்னால் பஸ்காரன் ஹாரனை அலறவிட்டான். அருள்பாண்டி வண்டியை ஓரங்கட்டினான். கத்துவதற்குத்தான் திரும்பினான், அவள் முகத்தைப் பார்த்ததும் குரல் இறங்கிவிட்டது. "தெருவுல கேட்டா நான் என்னத்தச் சொல்ல?"

"என்னத்தையாவது சொல்லுங்க. இப்ப வண்டியத் திருப்புங்க. அந்தம்மா எம்புட்டு நேரம் வலியில கெடந்துச்சோ. எதுக்கு அழுகுறீகன்னு நான் கேக்கவே இல்லங்க."

அவள் அழுதுவிட்டாள். அவன் சீட்டைப் பைக்குள் திணித்துவிட்டு வண்டியைத் திருப்பினான். ஆஸ்பத்திரி வரும்வரை எந்தச் சிக்னலிலும் அவன் எதுவும் கேட்கவில்லை.