இடுப்பு உயரம்

ஆயிரத்து எண்ணூற்று நாற்பது ரூபாயைத் திருப்பித் தராமலேயே ஜூலியஸ் செத்துப்போனான். அவன் கிடந்த பெட்டியை ட்ரக்டரின் ட்ரெய்லரிலிருந்து ஆறு பேர் தோளுக்கு ஏற்றினார்கள். நாலடி வைப்பதற்குள் முன்னால் நின்றவனின் கால் சேற்றில் வழுக்கியது. பெட்டி ஒரு பக்கமாகச் சாய்ந்தது. அவனுடைய அக்கா ரோசம்மா தன்னையறியாமல் இரண்டு கையையும் நீட்டிக்கொண்டு ஓடினாள்.

"எறக்காதீங்க. தரையில வைக்கக் கூடாது. ட்ரெய்லருக்கே திருப்புங்க" என்றார் வேலுசாமி. தோட்டத்துத் தலைவர்.

ஆறு பேரும் முட்டியை மடக்கி, பல்லைக் கடித்து, பெட்டியை மறுபடி ட்ரெய்லரில் சேர்த்தார்கள். அதற்கே மூச்சு வாங்கியது. ஷார்ஜாவிலிருந்து வந்த பெட்டி அது. உள்ளே தகரம் அடித்து, மூடியைப் பற்றவைத்து, முகத்துக்கு நேரே மட்டும் ஒரு கண்ணாடி வைத்திருந்தார்கள். ஜூலியஸ் அப்படியொன்றும் பாரமான ஆள் இல்லை. பெட்டிதான் இரண்டு ஆள் பாரம்.

வெளிக்கிட்ட வீட்டுக்கும் குழிக்கும் நடுவில் பெட்டி தரையைத் தொடக்கூடாது என்பது தோட்டத்து வரிசை வீடுகளான அந்த லயத்தின் வழக்கம். வேதக்காரர்களானாலும் சைவக்காரர்களானாலும் ஒன்றுதான். வழியில் இறக்கிவைத்தால் அந்த இடத்திலேயே அந்த வீட்டின் இன்னோர் ஆளின் பெட்டியும் இறங்கும் என்பார்கள். யார் முதலில் சொன்னார்களோ தெரியாது. ஆனால் நிவித்திகலவுக்கு மேலே அந்த ரப்பர் தோட்டத்தில் இன்றுவரை எந்தப் பெட்டியும் வழியில் இறங்கியதில்லை.

கல்லறை மேட்டுக்குப் போகிற ட்ரக்டர் பாதையை ராத்திரி மழை உடைத்துவிட்டிருந்தது. மண்ணும் மரமும் சேர்ந்து சரிந்து கிடந்தன. சிங்கள ட்ரக்டர்காரர் இறங்கிப் பார்த்துவிட்டு, "அக்கே, மெதனின் எஹாட்ட யன்ன பே" என்று கையை விரித்தார். இதற்கு மேல் போக வழியில்லை. மிச்சமிருந்தது பழைய பால் பாதை. ரப்பர் மரங்களுக்கு நடுவே, வேரே படியாக, ஏறிக்கொண்டே போகும். ரப்பர் பால் வெட்டுகிறவர்கள் வாளியோடு இறங்கும் பாதை.

"தொரகிட்ட சொன்னேன். மண் அள்ளுற பெக்கோ நாளைக்குத்தான் வருமாம்" என்றார் வேலுசாமி. "ஆயிரம் பெக்கோ செய்றதுக்கு பாத வரஞ்சவனுக்கு ஒரு பெக்கோ வரல பாத்தியா."

யாரும் சிரிக்கவில்லை. அவரும் சிரிக்கச் சொல்லவில்லை.

ஃபாதர் வீட்டிலேயே ஜெபத்தை முடித்துவிட்டு அடுத்த தோட்டத்துக்குப் போயிருந்தார். இளவட்டங்கள் பாதிப்பேர் கொழும்பில். வந்திருந்த ஆண்களில் தோள் கொடுக்கிற வயசில் பத்துப் பேர் தேறுவதே கஷ்டம். பெண்கள் நிறைய இருந்தார்கள். மேற்கே வானம் மறுபடி கறுத்துக்கொண்டு வந்தது. குழிக்குள் தண்ணீர் நின்றுவிட்டால் பிறகு இன்றைக்கு அடக்கம் இல்லை. அம்மாவின் பக்கத்தில் அவனைச் சேர்க்க வேண்டும். அது ஒன்றுதான் ரோசம்மாவின் நெஞ்சில் இருந்தது.

பெட்டியோடு ஷார்ஜாவிலிருந்து வந்தவன் ஹஸீப். பலாங்கொடைப் பையன். ஜூலியஸோடு ஒரே ஒபிஸில் எட்டு வருஷம் இருந்தவன். நேற்று வந்ததிலிருந்து வாசலில் கதிரை போடுவதும், தண்ணீர் கொண்டுவந்து கொடுப்பதுமாக வீட்டு ஆள் மாதிரியே நின்றான். இப்போது அவன்தான் வேலுசாமியின் அருகில் போய்ச் சொன்னான்.

"தலைவர், கமுகு மரம் ரெண்ட வெட்டி துண்டு போடுவோமா? உருளையா கீழ அடுக்கிட்டு, கயிறு கட்டி மேல இழுக்கலாம். பின்னால வாற துண்ட எடுத்து எடுத்து முன்னால வச்சா சரி. ஜூலியஸ் அண்ணன் இருந்தா அதத்தான் செய்வாரு."

"உருளையும் தரையிலதானே கெடக்கும் தம்பி?"

"பெட்டி தரையில படாதே."

வேலுசாமி ரோசம்மாவைப் பார்த்தார். அவள் தலையை ஆட்டிவிட்டாள்.

"எந்தம்பி என்ன ரப்பர் சீட் கட்டா? கயித்த கட்டி உருட்டிக்கிட்டு போறதுக்கு? மனுசங்க கையிலதான் போகணும் அவன். எல்லாருக்கும் போனாப்ல."

ஜூலியஸின் மனைவி மெரினா ட்ரெய்லரின் ஓரத்தைப் பிடித்தபடி நின்றாள். அழுது ஓய்ந்த முகம். "மதினி சொல்றது சரிதான்" என்று மட்டும் சொன்னாள்.

ஆண்கள் இன்னொரு தரம் தூக்கிப் பார்ப்பதென்று முடிவாயிற்று. அதற்கு முன் இளைப்பாற வேண்டும். யாரோ தேத்தண்ணி வாளியைக் கொண்டுவந்தார்கள். ரோசம்மா ட்ரெய்லரின் சக்கரத்தோடு சாய்ந்து உட்கார்ந்தாள். பால் பாதை அவளுக்கு நேரே ஏறிக்கொண்டு போனது.

அந்தப் பாதையில் அவளுடைய கால் படாத வேர் இல்லை. பதினேழு வயசில் தோட்டத்து வேலைப் பதிவில் அம்மாவின் பேரை வெட்டிவிட்டு இவள் பேரைப் பதிந்தார்கள். இரண்டு கையிலும் பால் வாளி. பாதி வழியில் கை மரத்துப்போகும். அப்போது குனிந்து வாளியை வைக்க வேண்டும். பிறகு குனிந்து எடுக்க வேண்டும். தூக்கி நடப்பதைவிட அந்தக் குனிவுதான் ஆளைக் கொன்றது. சாயந்திரம் லயத்துக்கு வந்து பாயில் விழுந்தால், ஜூலியஸ் அவளுடைய முதுகில் ஏறி மிதிப்பான். சின்னப் பயல், காற்றுப்போல இருப்பான். "இன்னும் மேல மிதிடா" என்பாள்.

ஒரு நாள் கையில் கயிற்றுத் துண்டோடு வந்தான். "குனியாம நில்லுக்கா" என்றான். காலிலிருந்து இடுப்பெலும்புவரை கயிற்றைப் பிடித்து, முடிச்சுப் போட்டான்.

"எனக்கு பொட்டி செய்யப் போறியாடா?"

"பொட்டிக்கு நெட்டுக்கு அளக்கணும். இது வேற."

மறுநாள் பாதையின் நடு வளைவில் ஒரு பலகை நின்றது. நாலு ரப்பர் கட்டைக் கால், மேலே பழைய கதவுத் துண்டு. சரியாக அவள் இடுப்புக்கு. குனிய வேண்டியதில்லை. வாளியை அப்படியே பக்கவாட்டில் தள்ளினால் பலகையில் ஏறிக்கொள்ளும். கை ஆறியபின் அப்படியே இழுத்துக்கொண்டு நடக்கலாம். மற்றப் பெண்களும் வைக்கத் தொடங்கினார்கள். குள்ளமான தங்கம்மா மட்டும், "அவங்கக்காளுக்கு மட்டும் அளந்திருக்கான் பாரு, கள்ளப்பய" என்று ஒவ்வொரு நாளும் திட்டினாள். திட்டிக்கொண்டே வைத்தாள்.

கடன் கதை அதற்குப் பிறகு. ஜூலியஸுக்கு இரத்தினபுரி டெக்னிக்கல் கொலேஜில் மிஷின் படம் வரைகிற கோர்ஸ் கிடைத்தது. வரைபலகை, கருவிப்பெட்டி, சப்பாத்து, பஸ் காசு. ரோசம்மா மேலதிக கிலோவுக்குக் கிடைத்த காசைப் பால்மா டின்னில் போட்டு வைத்திருந்தாள். பாட்டுக் கேட்க ஒரு டேப் ரேடியோ வாங்குவதற்கு. டின்னைக் கவிழ்த்தபோது ஆயிரத்து எண்ணூற்று நாற்பது இருந்தது.

"இது கடன். மொதச் சம்பளத்துல தந்துரணும்."

"சத்தியமா தாரேன்."

முதல் சம்பளத்தில் சாரியோடு வந்தான். "கடன கழிச்சுட்டியாடா?" என்று கேட்டாள். "சாரி வேற, கடன் வேற" என்றான். பிறகு கூரைத் தகரம் போட்டான். டிவி வந்தது, போன் வந்தது. டேப் ரேடியோவும் ஒரு நத்தார்ப் பண்டிகைக்கு வந்தது. அதுவும் கடனில் சேராதாம். ஒவ்வொரு லீவுக்கும் வாசலில் நின்று, "கடன்காரன் வந்திருக்கேன், கதவத் தொறக்கா" என்பான். லயம் முழுக்கச் சிரிக்கும்.

"எப்பத்தான்டா குடுப்ப?"

"குடுத்துட்டா அப்பறம் நீ என்னய அதட்ட முடியாதுல்ல. அதுக்குத்தான் வச்சிருக்கேன்."

ஹஸீப் தேத்தண்ணிக் கோப்பையை அவளிடம் நீட்டினான். வாங்கிக்கொண்டாள். குடிக்கவில்லை.

"அவன் அங்க என்னதான் தம்பி செஞ்சான்?" என்றாள். "பெக்கோ செய்ற கம்பெனிக்கு பாத போடுறேன்னுவான். ரோட்டு வேலையான்னு கேட்டா சிரிப்பான்."

ஹஸீப் அவளுக்குப் பக்கத்தில் குந்தினான்.

"ரோட்டு இல்லக்கா. பெரிய மிஷின் செய்யிற பெக்டரி ஈக்கே, அதுல ஆள் சாமான தூக்கிட்டு திரியிறதில்ல. உருளை வரிசையா போட்டிருக்கும். என்ஜின், கியர்பெட்டி எல்லாம் அதுக்கு மேல மெல்ல நகந்து வரும். ஆள் நின்ன எடத்துலயே நின்னு பூட்டுவான். பூட்டினதும் அடுத்தவன்கிட்ட போகும். அந்த வரிசைய வரையிறதுதான் எங்கட வேல."

"நடக்கறது சாமான். ஆளு இல்ல."

"அதேதான். அண்ணனும் இப்பிடித்தான் சொல்லுவாரு."

அவன் விரலால் ஈரமண்ணில் ஒரு கோடு இழுத்தான்.

"ஒண்ணு சொல்லவாக்கா? ஆள் நிக்கிற எடத்துல சாமான் எவ்வளவு உயரத்துல வரணும்னு ஒரு அளவு ஈக்கி. கூடினா தோள் போகும், கொறஞ்சா முதுகு போகும். ஒவ்வொரு பெக்டரிக்கும் அங்க உள்ள ஆக்கள அளந்துதான் முடிவெடுப்போம். ஆனா எந்தப் படத்த தொடங்கினாலும் அண்ணன் மொத கோடு ஒரே உயரத்துலதான் போடுவாரு. அங்க இருந்துதான் கூட்டுறது, கொறைக்கிறது எல்லாம். அந்தக் கோட்டுக்கு எங்கட ஒபிஸ்ல 'அக்கா'ன்னுதான் பேரு. 'அக்காவுல இருந்து ரெண்டு விரல் ஏத்து'ம்பாரு. பிலிப்பைன்ஸ்காரனும் அக்காம்பான், மலையாளத்துக்காரனும் அக்காம்பான். யார்ட அக்கான்னு ஒருத்தரும் கேட்டதில்ல."

ரோசம்மா கோப்பையைப் பிடித்தபடியே இருந்தாள். ஆவி போய்க்கொண்டிருந்தது. ஆண்கள் மறுபடி எழுந்து இடுப்பில் சாரத்தை இறுக்கிக் கட்டினார்கள். முதல் மழைத்துளி ட்ரெய்லரின் தகரத்தில் விழுந்தது.

அவள் கோப்பையைச் சக்கரத்தின் மேல் வைத்துவிட்டு எழுந்தாள்.

"தலவரே, தோள்ல ஏத்த வேணாம்."

"பின்ன? உருளையா?"

"அதுவும் வேணாம். நாங்க நிக்கிறோம். பெட்டி போகட்டும்." பெண்களின் பக்கம் திரும்பினாள். "வாங்கடி. பாதையோட ரெண்டு பக்கமும் நில்லுங்க. ஆம்பளைங்களும் நடுவுல நடுவுல நில்லுங்க. கைக்குக் கை குடுத்து விடுங்க. குடுத்த கை ரப்பருக்குள்ளால சுத்திப்போயி முன்னால நிக்கட்டும்."

ஹஸீப் சட்டென்று நிமிர்ந்து பார்த்தான். செருப்பைக் கழற்றி ஓரமாய் வைத்தான்.

வேலுசாமி தயங்கினார். "பொம்பளைங்க பெட்டிக்கு கை குடுக்கற பழக்கம் இங்க இல்ல, ரோசம்மா."

"இந்தப் பாதையில அம்பது வருசமா பால் வாளிய யாரு தூக்குனா தலவரே? அப்ப நாங்க பொம்பளைன்னு யாருக்காச்சும் ஞாபகம் வந்துச்சா?"

கூட்டத்தில் ஒரு கிழவி, "கேளு, கேளு" என்றாள். தங்கம்மாதான். முதல் ஆளாகப் போய்ப் பாதை ஓரத்தில் நின்றாள். மெரினா அவளுக்கு எதிரே போய் நின்றாள். பிறகு ஒருவர் பின் ஒருவராக எல்லோரும் போனார்கள். வேலுசாமி தோளில் கிடந்த துண்டை எடுத்துத் தலையில் கட்டிக்கொண்டு வரிசையில் சேர்ந்தார்.

"இடுப்புக்கு மேல போகக் கூடாது. யாரும் குனியவும் கூடாது" என்றாள் ரோசம்மா. "நெட்டையா உள்ளவங்க பள்ளத்துப் பக்கம் நில்லுங்க."

பெட்டி ட்ரெய்லரை விட்டது. கை மாறி, கை மாறி, ஏறத் தொடங்கியது. வேரிலும் சேற்றிலும் கால்கள் ஊன்றி நின்றன. வழுக்க வேண்டிய கால் ஒன்றும் நடக்கவில்லையே. அதனால் வழுக்கவில்லை. மழை பெய்தது. யாரும் ஒப்பாரி வைக்கவில்லை. "ம், ம்" என்ற சத்தம் மட்டும் கீழிருந்து மேலே போய்க்கொண்டிருந்தது.

ரோசம்மா நடு வளைவில் நின்றாள். தானாகத் தேர்ந்து நின்றாளா, வரிசை அங்கே கொண்டுவந்து விட்டதா, அவளுக்கே தெரியாது. பெட்டி அவளிடம் வந்தது. இடுப்பெலும்புக்குச் சரியாக வந்தது. அவள் குனியவில்லை. கண்ணாடியில் மழைநீர் ஓடியது. உள்ளே முகம் கலங்கித் தெரிந்தது. பாரம் ஒரு மூச்சு நேரம் அவளுடைய கையில் இருந்தது. பிறகு அடுத்த கைக்குப் போய்விட்டது.

குழிக்குள் இறங்கித்தான் அது முதன்முதலாகத் தரையைத் தொட்டது.

மண் போடுவதற்கு முன் வேலுசாமி வழக்கமான கேள்வியைக் கேட்டார். தலைத்துண்டிலிருந்து தண்ணீர் சொட்டியது.

"ஜூலியஸுகிட்ட யாருக்காச்சும் குடுக்கல் வாங்கல் இருந்தா இப்பவே சொல்லிருங்க. மண்ணு விழுந்த பொறகு கேக்கக் கூடாது."

லயமே அவளைத் திரும்பிப் பார்த்தது. அழுத முகங்களில்கூடச் சிரிப்பு வரப்பார்த்தது. மெரினாவும் பார்த்தாள். அவளுடைய கை தானாகக் கைப்பைக்குள் போனது.

ரோசம்மா மண்ணை ஒரு பிடி எடுத்தாள்.

"என்னோடது வந்துருச்சு தலவரே. போடுங்க."

திரும்பி வரும்போது மழை விட்டிருந்தது. ஆட்கள் முன்னால் போய்விட்டார்கள். நடு வளைவில் ரோசம்மா நின்றாள். பலகை உக்கிப்போய் எத்தனையோ வருஷமாகிவிட்டது. கால் நட்ட குழிகூட இல்லை. பின்னால் வந்த ஹஸீப், "என்னக்கா?" என்றான்.

"ஒண்ணுமில்ல தம்பி. நீ போ."

அவன் வளைவைக் கடந்து மறைந்ததும், அவள் வெறும் கைகள் இரண்டையும் இடுப்புக்குப் பக்கமாக நீட்டி, எதையோ வைப்பதுபோல் மெல்ல விட்டாள். கை ஆறும்வரை அப்படியே நின்றாள்.