கீழே வண்டி நிறுத்துகிறான்

தம்பியிடம் ஒரே ஒரு வாக்கியம் சொல்லத்தான் அந்த ஓவியக் கண்காட்சிக்குப் போனேன். "இனிமே வீட்டுப் பக்கம் வராதே." அப்பா ஆஸ்பத்திரியில் கிடந்த நாளெல்லாம் ஒருமுறைகூட எட்டிப் பார்க்காதவனிடம் அதற்கு மேல் என்ன பேச? கோபமாகச் சொல்ல வேண்டும் என்றுகூட இல்லை. அப்பா போனதிலிருந்து எனக்குக் கோபமும் வருவதில்லை, அழுகையும் வருவதில்லை. வெகுநேரம் மடக்கி உட்கார்ந்த கால் மாதிரி ஆகிவிட்டேன். கிள்ளினாலும் தெரியாது.

கூடத்தில் நல்ல கூட்டம். நடுச்சுவரில் அவன் படம். அப்பா இருந்த அந்தப் பழைய ஆஸ்பத்திரிக் கட்டிடத்தைத்தான் வரைந்திருந்தான். வரைந்திருந்தான் என்பதா, பிழிந்து காயப்போட்டிருந்தான் என்பதா? சுவர்கள் ஊதாவும் சிவப்புமாக உள்ளே சரிந்து கிடந்தன. வாசல் வாயைப் பிளந்துகொண்டு நின்றது. நான் கட்டிட வரைபடம் போடுகிறவள். ஒரு கோடு தப்பினாலே எங்கள் மேனேஜர் வானத்துக்கும் பூமிக்கும் குதிப்பார். இங்கே ஒரு கோடுகூட நேராக இல்லை, ஆளாளுக்கு உச்சுக்கொட்டுகிறார்கள்.

கண்காட்சியை நடத்தும் அம்மாள் விளக்கிக்கொண்டிருந்தார். "இது கண்ணு பார்த்த கட்டிடம் இல்லைங்க, மனசு பார்த்த கட்டிடம். அப்பாவைப் பறிகொடுத்த ஒரு மகனோட வலி ஒவ்வொரு செங்கல்லயும் இருக்கு."

மகனோட வலியாம். படுக்கையில் அவரைப் புரட்டிப் போட்டவள் நான், வலி இவனுக்கு. நோகாமல் நுங்கு தின்பது என்று சும்மாவா சொன்னார்கள்!

ஆனாலும் தொழில் புத்தி போகுமா? சரிந்த சுவர்களை மனசுக்குள் நிமிர்த்திப் பார்த்தேன். வாசல் இடப்பக்கம் ஒதுங்கியிருந்தது. மாடித் தண்ணீர்த் தொட்டி பாதி மறைந்திருந்தது. மூன்றாம் மாடியின் கடைசி ஜன்னல் மட்டும் முழுசாகத் தெரிந்தது. அந்தக் கட்டிடம் அப்படித் தெரிய வேண்டுமானால் ஓர் இடத்தில்தான் நிற்க வேண்டும். வண்டி நிறுத்தும் கொட்டகையின் ஓரம்.

அந்தக் கடைசி ஜன்னல் எங்களுடையது. அதில் ஆரஞ்சாக ஒரு தீற்றல். கிட்டே போனேன். ஆரஞ்சுக்கு அடியில் பச்சை தெரிந்தது. அப்பாவுக்கு உடம்பு துடைத்துவிட்டு நான் அந்த ஜன்னலில் காயப்போட்ட துண்டு பச்சை. அது கிழிந்த பிறகு, கடைசி நாட்களில், ஆரஞ்சுத் துண்டு. இதையெல்லாம் நான் யாரிடமும் சொன்னதில்லை. துண்டைப் பற்றி யார் பேசுவார்கள்?

தம்பி பக்கத்தில் வந்து நின்றான்.

"கீழ நின்னியா?"

"தினமும் வந்தேன்க்கா. வண்டிய நிறுத்துவேன், படி வரைக்கும் போவேன். அவரை அந்தக் கோலத்துல பார்த்தா தாங்கமாட்டேன்னு திரும்பிடுவேன்."

"நான் தாங்குனேன்ல?"

அவன் தலையைத் தூக்காமலே மெதுவாகக் கேட்டான். "அப்பா என்னைக் கேட்டாராக்கா?"

அப்பா தினமும் கேட்டார். நானும் வாய்க்கு வந்த பொய் ஒன்றைத் தினமும் சொன்னேன். சாகப்போகிற மனுஷரை ஏமாற்றுகிறோமே என்று ஒவ்வொரு முறையும் நாக்கு கூசியது.

"கேட்டாரு. 'கீழ வண்டிய நிறுத்திட்டிருக்கான்ப்பா, இதோ வந்துடுவான்'னு சொல்லுவேன்."

அவன் முகம் வெளுத்துப்போனது.

"சொன்ன உடனே தலையணைய உயர்த்தி வைக்கச் சொல்லுவாரு. கதவையே பார்த்துட்டிருப்பாரு. அப்படியே தூங்கிடுவாரு."

தம்பி சுவரோரமாகச் சரிந்து உட்கார்ந்து தேம்பித் தேம்பி அழுதான். கூட்டம் திரும்பிப் பார்த்தது. அந்த அம்மாள் தண்ணீர் எடுக்க ஓடினார். சொல்ல வந்த வாக்கியம் என் வாயிலேயே நின்றுவிட்டது.

அப்பாவிடம் நான் சொன்னது பொய்யே இல்லை. அது தெரிந்தால் மனசு லேசாகும் என்பார்கள். எனக்கு ஆகவில்லை. மறுபடியும் அந்த ஜன்னலையே பார்த்தேன். தினமும் அங்கே நின்றுதான் துண்டை உதறினேன். அவன் கீழே இருக்கிறான் என்று அப்பாவிடம் சொல்லிவிட்டு வந்தவள், ஒருநாளாவது குனிந்து கீழே பார்த்திருக்கலாம்.