பன்றித் தொடைக்கு நன்றி

“தோண்டணுமாம், அண்ணி” என்றாள் ஒலெட்டா.

வெர்டி அடுப்பிலிருந்து சோள ரொட்டியை எடுத்துக்கொண்டிருந்தாள். “எதை?”

“எதையில்ல. யாரை.”

இரும்புச் சட்டி மேசைமேல் இருந்த கடிதத்திலேயே போய் உட்கார்ந்தது. சுரங்கக் கம்பெனி வக்கீலின் பெயர் மட்டும் கருகியது. மற்றதெல்லாம் தெளிவாக இருந்தது. வெர்டியின் கணவர் ஹோபர்ட் முப்பத்தொரு வருடம் நிலக்கரி வெட்டியவர். நுரையீரலில் கரி படிந்துதான் இறந்தார் என்று விதவை உதவித்தொகை கேட்கிறாள் வெர்டி. அப்படியானால் அவரை வெளியே எடுத்து, நுரையீரலை அறுத்துப் பார்க்கச் சம்மதம் தர வேண்டும். முப்பது நாள் அவகாசம். கையெழுத்து வராவிட்டால் மனு தள்ளுபடி.

“போட்டுடு அண்ணி” என்றாள் ஒலெட்டா. ஹோபர்ட்டின் தங்கை அவள். கல்யாணம் செய்துகொள்ளாமல் அந்த வீட்டிலேயே இருந்துவிட்டவள். “எங்கண்ணன் செத்து பதினாலு மாசம் ஆச்சு. அவனுக்கு என்ன தெரியப்போவுது? குளிர் நமக்குத்தான். போன வாரம் நாற்காலியை ஒடைச்சு எரிச்சோம். அடுத்தது மேசை. அப்புறம் நான்தான் மிச்சம்.”

“நீ பச்சை விறகுடி. எரியமாட்ட” என்றாள் வெர்டி.

எங்கள் பள்ளத்தாக்கு எப்படிப்பட்டது என்றால், சூரியன் பத்தரை மணிக்கு வந்து இரண்டு மணிக்குக் கிளம்பிவிடும். பனி சாம்பல் நிறத்தில் பெய்யும். வெளியூரில் அது வெள்ளை என்று பள்ளிக்கூடத்து ஆசிரியை சொன்னபோது, பொய் சொல்கிறாள் என்று பெற்றோர்கள் கூட்டம் போட்டார்கள். கம்பெனி டாக்டர் ஒருவர் இருந்தார். நாற்பது வருடத்தில் எத்தனையோ சுரங்கக்காரர்களுக்கு மரணச் சான்றிதழ் எழுதினார். எல்லாவற்றிலும் ஒரே காரணம்: இதயம். அதை மட்டும் படித்தவன், இந்த ஊரில் எல்லோரும் காதலித்தே செத்தார்கள் என்று நினைப்பான். ஹோபர்ட்டுக்கும் இதயம்தான். கடைசி இரண்டு வருடம் உட்கார்ந்தே தூங்கிய மனிதர். காலையில் அவர் துப்பிய கறுப்பைத் தினமும் தகர டப்பாவில் பிடித்து வெளியே கொட்டியவள் வெர்டி.

சாவதற்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை அவர் ஒன்றே ஒன்று கேட்டார். “என்னை மறுபடி கீழ அனுப்பாத, வெர்டி.”

அதனால் மலையுச்சியில் புதைத்தார்கள். எட்டுப் பேர் தூக்கினார்கள். மூன்றடிக்குக் கீழே பாறை. போதும், அதற்குமேல் அவர் இறங்க மாட்டார் என்றாள் வெர்டி.

அந்த வாரமே செனட்டர் துக்கம் விசாரிக்க வந்தார். தேர்தலுக்குப் பத்து நாள் இருந்தது. மாநில செனட்டில் எங்கள் பகுதிக்காக உட்கார்ந்திருந்த ராண்டல் பிக்ரெல் என்பவர் அவர். துக்க வீட்டுக்காக அக்கம்பக்கத்துப் பெண்கள் வீட்டுக்கு ஓர் அடுக்காகச் சுட்டுக் கொண்டுவந்து, வெர்டி நடுவே உலர்ந்த ஆப்பிள் கூழ் தடவி ஒன்றாக்கிய அடுக்குக் கேக் மேசைமேல் இருந்தது. மூன்று துண்டு சாப்பிட்டார். “பதினஞ்சு வருசம் சுரங்கத்துல உழைச்சவன் செத்தா, அவன் பொண்டாட்டி எதையும் நிரூபிக்க வேண்டியதில்லைன்னு சட்டம் வரணும்மா. ஜனவரியில என் முதல் வேலை அதுதான்” என்றார். கண் கலங்கியது. நான்காவது துண்டைத் தாளில் சுற்றிக் கேட்டு வாங்கிக்கொண்டு போனார்.

மசோதா வந்தது. அதை ஆராயும் செனட் குழுவுக்குள் போனது. மார்ச் மாதம் செத்துப்போயிருந்தது. யார் கொன்றது என்று ஒருவருக்கும் தெரியவில்லை. அதற்கும் இதயம்தானோ என்னவோ.

அரசாங்கக் காகிதங்களைக் குடிமக்கள் யாரும் கேட்டு வாங்கலாம் என்று அப்போது புதிதாக ஒரு சட்டம் வந்திருந்தது. வெர்டி தலைநகருக்கு எழுதிப் போட்டாள். மசோதாவை நிறுத்தியது யார் என்று தெரிந்தால், அந்த மனிதனின் வாசலில் போய் உட்கார்ந்துவிடலாம், ஜனவரிக் கூட்டத்தில் மறுபடி கொண்டுவரச் சொல்லலாம், ஹோபர்ட்டைத் தொடாமல் விட்டுவிடுவார்கள் என்பது அவள் கணக்கு. எட்டு மாதம் பதில் இல்லை. தோண்டச் சொல்லும் கடிதம் வந்த மூன்றாம் நாள், தபால்காரன் ஓர் அட்டைப்பெட்டியைக் கொண்டுவந்து இறக்கினான்.

நானூற்றுப் பன்னிரண்டு பக்கம்.

“கறுப்பா இருக்கே” என்றாள் ஒலெட்டா.

எல்லாவற்றிலும் கறுப்புப் பட்டை. பெயர் இருக்க வேண்டிய இடத்தில் கறுப்பு. அவர் சொன்னது இருக்க வேண்டிய இடத்தில் கறுப்பு. சில பக்கங்களில் தேதியும் ‘மதிப்பிற்குரிய’ என்ற சொல்லும் மட்டும் தப்பியிருந்தன. ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் முத்திரை: பொதுநலன் கருதி மறைக்கப்பட்டது.

“முப்பத்தொரு வருசம் அவர் சட்டையில தேய்ச்சிருக்கேன் இந்தக் கறுப்பை” என்றாள் வெர்டி. “வெளுக்காதுடி.”

ஆனாலும் இரண்டு நாள் விடாமல் படித்தார்கள், பத்தரையிலிருந்து இரண்டு வரை, ஜன்னல் ஓரத்தில். இரண்டாம் நாள் மதியம் கையெழுத்துப் படிவத்தையும் பேனாவையும் ஒலெட்டா மெதுவாக அண்ணியின் பக்கம் தள்ளினாள். வெர்டி பேனாவை எடுத்தாள். இடது கை பழக்கதோஷத்தில் இன்னொரு பக்கத்தைப் புரட்டியது.

முந்நூற்று நாற்பதாம் பக்கம். ஒரு கறுப்பும் இல்லாத பக்கம்.

“இது என் எழுத்து” என்றாள் வெர்டி.

இங்கே ஒரு விஷயம் சொல்ல வேண்டும். எங்கள் ஊரில் கணவனை இழந்தவளுக்குக் கம்பெனி ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் ஒரு பன்றித் தொடை அனுப்பும். நன்றிச் சீட்டு எழுதிக் கொடுக்காமல் அந்த இறைச்சியில் கத்தி வைக்கக் கூடாது. புளித்துவிடும் என்பார்கள். அதனால் கொண்டுவருகிறவர் காத்திருப்பார், விதவை எழுதுவாள். எல்லோரும் ஒன்றையேதான் எழுதுவார்கள், அம்மாக்கள் சொல்லிக்கொடுத்த மரியாதை வாசகம்: ‘தங்கள் தயவால் எங்களுக்கு ஒரு குறையும் இல்லை.’ முந்தின டிசம்பரில், ஹோபர்ட்டைப் புதைத்து இரண்டு மாதத்தில், வெர்டியும் அதை எழுதிக் கீழே முழுப்பெயரும் போட்டிருந்தாள்.

அதுதான் அந்தப் பக்கம். மேலே, ‘சான்று 14: மசோதா தேவையில்லை என்பதற்கு விதவைகளின் சொந்த வாக்குமூலம், மொத்தம் அறுபத்துமூன்று.’ ஓரத்தில் பேனாவால் ஒரு குறிப்பு. எழுதியவர் பெயரைக் கறுப்பு மூடியிருந்தது. குறிப்பை மூட மறந்துவிட்டார்கள்.

ஒலெட்டா வாசித்தாள். “‘கேக் செய்த அம்மாள். குழுவில் இதை முதலில் வாசிக்கவும்.’”

வெர்டி இடது கை விரலை மடக்கி எண்ணினாள்.

“மூணு துண்டு” என்றாள் வெர்டி.

“நாலு. ஒண்ணைக் கட்டிக் குடுத்த.”

வெர்டி பேனாவைக் கீழே வைத்தாள். “மசோதாவை நானேதான் கொன்னிருக்கேன், ஒலெட்டா. யார் வாசல்ல போய் உக்காரலாம்னு தேடினேன் பாரு. என் வாசல்லயே உக்காந்துக்கணும்.” அவள் அழவில்லை. இடுப்பில் கட்டியிருந்த சமையல் துணியைப் பிழிந்துகொண்டே இருந்தாள், அதில் தண்ணீர் இருப்பதுபோல.

மறுநாள் பதினொரு மணிக்குக் கம்பெனிக் கடை மேலாளர் டில்லார்ட் கதவைத் தட்டினார். ஹோபர்ட்டோடு சின்ன வயதில் ஒரே சுரங்கத்தில் இறங்கியவர். கையில் துணி சுற்றிய பன்றித் தொடை, வாயில் வாழ்த்து.

“இந்த வருசம் பன்னிக்கு நல்ல சதை, வெர்டி. போன வருசப் பன்னி ஏதோ உபவாசம் இருந்தது.”

“அறுபத்துமூணு சீட்டையும் யாருய்யா குடுத்தது?” என்றாள் ஒலெட்டா.

டில்லார்ட் தொப்பியைக் கழற்றினார். மறுபடி போட்டுக்கொண்டார். “மேலிடத்துல கேட்டாங்க. செருப்பு டப்பாவுல சும்மா கெடந்துச்சு. நன்றிதானே, யாருக்கு என்ன போவுதுன்னு குடுத்துட்டேன். ஏன், என்ன ஆச்சு?”

முந்நூற்று நாற்பதாம் பக்கத்தை ஒலெட்டா நீட்டினாள். அவர் உதடு அசைய இருமுறை படித்தார். “எனக்குத் தெரியாது வெர்டி. சத்தியமா தெரியாது.” பிறகு, இன்னும் தாழ்ந்த குரலில், “நீ கையெழுத்துப் போட்டதும் தோண்டறதுக்கு என்னைத்தான் ஆள் கூட்டச் சொல்லியிருக்காங்க” என்றார்.

“சீட்டு எங்க?” என்றாள் வெர்டி.

“இப்பவா? வேணாம், விடு.”

“வழக்கம்னா வழக்கம்தான். குடு. உக்காந்து ரொட்டி தின்னு.”

டில்லார்ட் வெற்று அட்டையை நீட்டினார். வெர்டி பத்து நிமிடம் எழுதினாள். அட்டையின் இரண்டு பக்கமும் நிறைந்தது. பிறகு எழுந்து, அடுப்புக்குப் பூசும் கறுப்பு மெழுகு டப்பாவை எடுத்துவந்தாள். விரலில் துணியைச் சுற்றி, முதல் வரியிலிருந்து ஆரம்பித்தாள். அவசரமே இல்லை. ஒவ்வொரு வரியாகத் தேய்த்து மூடினாள். கடைசியில் கையெழுத்து மட்டும் மிஞ்சியது.

டில்லார்ட் அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “இதுல என்ன எழுதியிருக்கன்னு எப்படிப் படிக்கிறது?”

“பொதுநலன் கருதி மறைச்சிருக்கேன்” என்றாள் வெர்டி. “தொடையையும் எடுத்துட்டுப் போ.”

சம்மதப் படிவத்தை நான்காக மடித்து அடுப்பில் வைத்தாள். அன்று அந்த வீட்டில் எரிந்த, கறுப்புப் படாத காகிதம் அது ஒன்றுதான்.

பள்ளத்தாக்கில் செய்தி நடந்து போகாது, உருளும். கிறிஸ்துமஸுக்குள் ஊரில் அடுப்புக் கறுப்பு தீர்ந்துபோயிற்று. டில்லார்டின் செருப்பு டப்பாவில் அறுபத்துமூன்று கறுப்பு அட்டைகள். கடை வாசலில் அறுபத்துமூன்று பன்றித் தொடைகள். மலைக்கரடி ஒன்று வந்து பார்த்து, இவ்வளவு பேர் வேண்டாம் என்று விட்டதில் ஏதோ இருக்கும் என்று தொடாமல் திரும்பியதாகச் சொல்வார்கள். கரடியை நான் பார்த்தேன்.

முப்பதாம் நாள் வெர்டியின் மனு தள்ளுபடியானது. அவளும் ஒலெட்டாவும் நெடுஞ்சாலை விடுதியில் படுக்கைத் துணி துவைக்கப் போனார்கள். அந்தக் குளிரில் மேசையும் எரிந்தது.

அடுத்த வருடம் மசோதா மறுபடி வந்து மறுபடி செத்தது. ஒலெட்டா எழுதிப்போட்டு இன்னொரு பெட்டி வரவழைத்தாள். அதில் அந்த அறுபத்துமூன்று அட்டைகளும் இருந்தன. ஏற்கெனவே யாரோ அதிகாரி மறைத்துவிட்டார் என்று நினைத்து, எல்லாவற்றிலும் முத்திரை குத்தி, மேலே ஒரு தாளும் வைத்திருந்தார்கள்: ‘விதவைகளின் நன்றிக் கடிதங்கள். வழக்கம்போல. ஆட்சேபம் எதுவும் இல்லை.’

வெர்டி அதை வாசிக்கக் கேட்டாள். தலையை ஆட்டினாள். பிறகு குச்சியை எடுத்துக்கொண்டு மலையேறினாள். உச்சியில் ஹோபர்ட், அவரை வைத்த இடத்திலேயே இருந்தார், மூன்றடியில். அங்கே காலை ஏழு மணிக்கெல்லாம் வெயில் வந்துவிடுகிறது.